காசு கொடுத்து வாங்கிய புழு

"புழுவையா காசு குடுத்து வாங்கியாந்தே?"

பக்கத்து வீட்டு ஆயா சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டார். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த வெருலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசை மீலி, ஒரு பாத்தி மடும்பி, வேலியோரம் ஒரு கறிவேப்பிலை மரம். மக்காச்சோளம், சேப்பங்கிழங்கு என்று எழுதினால்தான் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் புரியும். டர்பன் பக்கத்தில் அவை மீலியும் மடும்பியும்தான். அந்த மீலிக் கன்றுகள் ஒவ்வொன்றாகத் தரையோடு சாய்ந்துகொண்டிருந்தன. மண்ணைக் கிளறினால் பளபளக்கும் கறுப்பு வண்டு ஒன்று, கொஞ்சம் கீழே முந்திரிப்பருப்பு போல வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்கள். அவற்றைக் கொல்லத்தான் வேறொரு புழுவை விலைக்கு வாங்கி வந்திருந்தேன். பொட்டலம் ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆயாவுக்கு அதுதான் இன்னும் பெரிய வேடிக்கை.

அந்தப் பொட்டலத்தில் இருந்தவை நூற்புழுக்கள். நூற்புழு என்றாலே நமக்கு நல்ல நினைவு எதுவும் வராது. பிள்ளைகள் வயிற்றில் வரும் நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி, யானைக்கால் நோயைக் கொண்டுவரும் புழு எல்லாமே இந்த வகைதான். தக்காளிச் செடியைப் பிடுங்கினால் வேர் முழுக்க முண்டும் முடிச்சுமாக இருக்குமே, அதுவும் ஒரு நூற்புழுவின் வேலை. ஆனால் ஒரு பிடி தோட்ட மண்ணில் இருக்கும் நூற்புழுக்களில் பெரும்பாலானவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் மேய்ந்துகொண்டு யாருக்கும் தொல்லை தராமல் வாழ்பவை. அவற்றுக்கு நடுவே ஒரு சிறு கூட்டம் பூச்சிகளை மட்டும் தேடிக் கொல்லும். இந்தக் கட்டுரை அந்தச் சிறு கூட்டத்தைப் பற்றியது.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு பேரினங்களைச் சேர்ந்தவை: ஸ்டெய்னர்நீமா, ஹெட்டெரோராப்டிடிஸ். பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, 'ஸ்டெ' என்றும் 'ஹெ' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் இருப்பது எது என்று தெரிந்தால் போதும். ஒரு புழுவின் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்கு ஒரு தூசி.

இவை எப்படிக் கொல்கின்றன என்பதைச் சொல்ல எனக்குத் தயிரை விட நல்ல உவமை கிடைக்கவில்லை. பாலைத் தயிராக்குவது கிண்ணமும் இல்லை, கரண்டியும் இல்லை. கரண்டியில் ஒட்டியிருக்கும் உறைமோர்தான். நூற்புழு அந்தக் கரண்டி. அதன் குடலுக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. ஸ்டெய்னர்நீமாவுக்குள் இருப்பதற்குப் பெயர் செனோராப்டஸ். ஹெட்டெரோராப்டிடிஸுக்குள் இருப்பது ஃபோட்டோராப்டஸ். புழு மண்ணுக்குள் அலைந்து ஒரு வண்டுப் புழுவைக் கண்டுபிடிக்கிறது. அதன் வாய் வழியாகவோ, ஆசனவாய் வழியாகவோ, பக்கவாட்டில் இருக்கும் மூச்சுத் துளைகள் வழியாகவோ உள்ளே நுழைகிறது. ஹெட்டெரோராப்டிடிஸுக்கு ஒரு சின்னப் பல்லும் உண்டு. தோல் மெல்லிய இடத்தைக் கிழித்துக்கொண்டே போய்விடும். உள்ளே, பூச்சியின் குருதிக்குள் வந்ததும் தன்னிடமிருக்கும் உறையை ஊற்றுகிறது. பாக்டீரியா பெருகி, நஞ்சு சுரந்து, ஒன்று அல்லது இரண்டு நாளில் பூச்சி செத்துப்போகிறது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் சுவாரசியம். செத்த பூச்சி மண்ணில் கிடந்தால் இரண்டே நாளில் அழுகி நாறவேண்டும். எறும்பு இழுத்துப் போகவேண்டும். இது அழுகாது. ஃபோட்டோராப்டஸ் சுரக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் மற்ற கிருமிகளை அண்டவிடுவதில்லை. எறும்புகளைக்கூட விரட்டும் பொருள் ஒன்று அதில் உண்டு. பூச்சியின் உடல் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். நல்ல இருட்டில் பார்த்தால் மங்கலாக ஒளிரவும் செய்யும். ஃபோட்டோ என்ற பெயரே அதனால்தான். ஸ்டெய்னர்நீமா கொன்றதென்றால் நிறம் வெளிர்பழுப்பு, மஞ்சள், சாம்பல் என்று போகும், ஒளியும் இருக்காது. எந்த வகை வேலை செய்திருக்கிறது என்று நிறத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

மூடிய பாத்திரம் போன்ற அந்தச் செத்த உடலுக்குள் நூற்புழுக்கள் பாக்டீரியாவையும், அது கரைத்து வைத்த பூச்சிச் சதையையும் தின்று வளர்கின்றன, குட்டி போடுகின்றன, அந்தக் குட்டிகளும் குட்டி போடுகின்றன. தீனி குறையக் குறைய, கடைசித் தாய்களின் வயிற்றுக்குள்ளேயே குஞ்சுகள் பொரிந்து தாயைத் தின்றுவிட்டு வரும். குலை தள்ளியதும் வாழை சாய்வது போலத்தான். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தோலைக் கிழித்துக்கொண்டு புது இளம்புழுக்கள் வெளியே வரும். பெரிய மெழுகு அந்துப்பூச்சிப் புழு ஒன்றிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் வருவதுண்டு.

இப்படி வெளியே வரும் இளம்புழுவுக்கு வாயும் மூடியிருக்கும், பின்வாயும் மூடியிருக்கும். பாம்பு சட்டை உரிக்கும், இது உரிக்காமல் பழைய தோலையே சட்டையாக மேலே போட்டுக்கொண்டிருக்கும். வழியில் எதையும் தின்னாது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை மட்டும் செலவழித்துக்கொண்டு, குடலில் கொஞ்சம் உறைமோரைக் கட்டுச்சோறு மாதிரி எடுத்துக்கொண்டு அடுத்த பூச்சியைத் தேடிப் புறப்படும். பொட்டலத்தில் விற்கப்படுவது இந்தப் பருவம் மட்டும்தான். மற்றப் பருவங்கள் வெளியில் பிழைக்கமாட்டா.

தேடும் விதத்திலும் இரண்டு ரகம். ஸ்டெய்னர்நீமா கார்போகாப்சே மண்ணின் மேற்பரப்பில் வாலை ஊன்றி எழுந்து நின்று, பக்கத்தில் எது போனாலும் தொற்றிக்கொள்ளும். கொக்கு காத்திருப்பது போல. அதனால் இரவில் வெளியே வந்து ஊர்ந்து, கன்றை அடியில் அறுத்துப்போடும் வெட்டுப்புழுவுக்கு அது பொருத்தம். ஹெட்டெரோராப்டிடிஸ் பாக்டீரியோஃபோரா கீழே இறங்கித் தேடிப்போகும். வேரடியில் அசையாமல் கிடக்கும் வண்டுப் புழுவுக்கு அதுதான் சரி. இது தெரியாமல் 'நூற்புழு குடுங்க' என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் பாதி நேரம் காசு வீண்.

மண்ணுக்குள் கண்ணில்லாமல் எப்படித் தேடுகிறது? பூச்சி விடும் கரியமில வாயு ஒரு தடயம். இன்னொன்று, செடியே கூப்பிடுகிறது. மக்காச்சோள வேரை ஒரு வண்டின் புழு கடிக்கும்போது வேர் காரியோஃபிலீன் என்ற மணப்பொருளை மண்ணுக்குள் விடுகிறது என்றும், அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு நூற்புழுக்கள் வந்து சேர்கின்றன என்றும் 2005-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் அதே மணப்பொருள்தான். வட அமெரிக்காவில் விளைச்சலுக்காகவே தேர்ந்து வளர்த்த பல மக்காச்சோள ரகங்கள் இப்படிக் கூப்பிடும் திறனை இழந்துவிட்டிருந்தன என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. வீட்டு விதையை எடுத்து வைத்து விதைக்கும் ஆயாவிடம் இதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1923-ல் ஸ்டெய்னர் என்பவர் முதல் இனத்தை விவரித்தார். ஸ்டெய்னர்நீமா என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததே. 1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ருடால்ஃப் கிளேசர் என்ற ஆய்வாளர் ஜப்பானிய வண்டின் புழுக்களுக்குள் ஓர் இனத்தைக் கண்டு, அதை ஆய்வகத்தில் செயற்கை உணவில் வளர்த்து வயலில் விட்டுப் பார்த்தார். பிறகு டிடிடி வந்தது. மலிவான ரசாயனம் கையில் இருக்கும்போது புழு வளர்க்க யாருக்குப் பொறுமை? 1970-களுக்குப் பிறகுதான் இந்தத் துறைக்கு மறுபடி உயிர் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் முதல் பதிவு 1953-ஐச் சேர்ந்தது. கிழக்குக் கேப் மாநிலத்தில் அன்று கிரஹாம்ஸ்டவுன் என்றும் இன்று மகாண்டா என்றும் அழைக்கப்படும் ஊர்ப்பக்கம், கறுப்பு மீலி வண்டுக்குள் ஒரு ஸ்டெய்னர்நீமா இருந்தது. என் தோட்டத்தில் கன்றுகளைச் சாய்த்த அதே வண்டு! அதற்குப் பிறகு நீண்ட மௌனம். 2000-க்குப் பின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் அந்துவானெட் மாலனும் அவரோடு வேலை செய்தவர்களும் நாடெங்கும் மண்ணைச் சலித்துப் புதுப்புது இனங்களை எடுத்தார்கள். ஸ்டெய்னர்நீமா கோய்சானே, ஹெட்டெரோராப்டிடிஸ் சாஃப்ரிகானா என்று பெயரிலேயே இந்த மண் தெரியும். எனக்குப் பிடித்தது 2014-ல் விவரிக்கப்பட்ட ஸ்டெய்னர்நீமா சாக்கரி. அது எங்கள் குவாசுலு-நாட்டால் மாநிலத்தின் கரும்பு வயல் மண்ணிலிருந்து வந்தது. சாக்கரி என்றால் கரும்பினுடையது. 1860 நவம்பரில் டிரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதே அந்தக் கரும்புக்காகத்தான். எத்தனை தலைமுறை அந்த மண்ணை மிதித்திருப்போம், காலடியில் இப்படி ஒன்று இருந்தது யாருக்கும் தெரியாது.

கரும்பைப் பற்றிச் சொல்லும்போது ஒரு ஏமாற்றத்தையும் சொல்லவேண்டும். இங்கே கரும்புக்குப் பெரும் எதிரி எல்டானா என்ற தண்டுத் துளைப்பான். மாரியம்மன் கோயில் இருக்கும் அதே மவுண்ட் எட்ஜ்கோமில்தான் 1925-ல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. எல்டானா அவர்களுக்குப் பல பத்தாண்டுத் தலைவலி. எல்டானா புழுவை ஒரு கிண்ணத்தில் நூற்புழுவோடு போட்டால் சாகும். ஆனால் வயலில் அது மண்ணில் இல்லை, தரைக்கு மேலே தண்டுக்குள் இருக்கிறது. நீரில் நெளியும் உயிரைக் காய்ந்த சோகையின் மேல் தெளித்தால் உள்ளே போய்ச்சேரும் முன்பே வறண்டுவிடும். கிண்ணத்தில் கொல்வதெல்லாம் தோட்டத்தில் கொல்லாது என்பதை இந்தத் துறையில் படித்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.

மாறாக, ஆரஞ்சுத் தோப்பில் கதை வேறு. போலி காட்லிங் அந்துப்பூச்சியின் புழு பழத்தைத் துளைத்துத் தின்றுவிட்டு, கூடு கட்டத் தரைக்கு இறங்கி மேல்மண்ணில் புதைந்துகொள்ளும். அந்தச் சில நாள் அது நூற்புழுவின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் பழத்தில் இந்தப் புழு ஒன்றிருந்தாலும் வம்பு என்பதால், தென்னாப்பிரிக்கத் தோப்புக்காரர்கள் மரத்தடியில் நூற்புழு விடுவதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நாட்டில் வேறொரு நூற்புழுவும் வேலை செய்கிறது. அதை இதோடு குழப்பக்கூடாது. பைன் மரங்களை அழிக்கும் சைரெக்ஸ் குளவி 1994-ல் கேப் டவுன் பக்கம் வந்தது, 2002-ல் நம் மாநிலத்துக்கும் வந்துவிட்டது. அதற்கு எதிராகக் காடுகளில் விடப்படும் டெலாடினஸ் என்ற நூற்புழு குளவியைக் கொல்வதில்லை; பெண் குளவியின் முட்டைகளுக்குள் புகுந்து மலடாக்கிவிடுகிறது. குளவி வழக்கம்போலப் பறந்துபோய் வேறு மரத்தில் முட்டை வைக்கும், ஆனால் வைப்பது நூற்புழுக்களைத்தான்.

சரி, வீட்டுத் தோட்டத்துக்கு வருவோம். என் முதல் பொட்டலம் முழுக்க வீண். ஜனவரி மாதம் (இங்கே நடுக்கோடை), ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கையோடு வாளியில் கலக்கி ஊற்றினேன். டர்பன் வெயில் என்னவென்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மருந்து என்று நினைத்ததுதான் நான் செய்த தவறு. இது மருந்து இல்லை, கால்நடை. ஆட்டுக்குட்டி வாங்கி வந்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்க்கவேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் சில நிமிடங்களில் செத்துவிடும், காய்ந்தால் செத்துவிடும், காரின் பின்பக்கத்தில் ஒரு மணி நேரம் விட்டால் வெந்துவிடும்.

ஆகவே மாலையில், பொழுது இறங்கியபின் ஊற்றுங்கள். மழைத் தூறல் இருந்தால் இன்னும் நல்லது. ஊற்றுவதற்கு முன்பே பாத்தியை நன்றாக நனைத்து வையுங்கள், ஊற்றிய பிறகும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்குங்கள், பிறகு இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண் துகள்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில்தான் அது நீந்தும். படலம் அறுந்தால் பயணம் நின்றது. மணல் கலந்த மண்ணில் எளிதாக நகரும், இறுகிய களியில் சிரமப்படும். மண்ணின் சூடு 15 டிகிரிக்குக் குறைந்தால் பெரும்பாலான இனங்கள் சோம்பிவிடும், 30-ஐத் தாண்டினால் வாடும். நம் கரையோரத்தில் வசந்தமும் கோடையின் கடைசியும் பொருத்தம். அதிலும் வண்டுப் புழு சின்னதாக, மேல்மண்ணில் இருக்கும் நேரத்தைப் பிடிக்கவேண்டும்.

அளவு? பொதுவான கணக்கு சதுர செண்டிமீட்டருக்கு 25 புழு, அதாவது சதுர மீட்டருக்கு 2.5 லட்சம். 50 லட்சம் புழு உள்ள பொட்டலம் 20 சதுர மீட்டருக்கு வரும். பூவாளி போதும். தெளிப்பான் என்றால் உள்ளிருக்கும் சல்லடை வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள், இல்லையேல் புழுவெல்லாம் அங்கேயே தங்கிவிடும். வாளியில் அடியில் போய்ப் படியும், அதனால் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். கலக்கிய தண்ணீரை நாளைக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது, மூச்சுமுட்டிச் செத்துவிடும். புதுச் சாணமும் யூரியாவும் போட்ட உடனே ஊற்றக்கூடாது. வேர்முடிச்சுக்காக நூற்புழுக்கொல்லி எதுவும் போட்டிருந்தால் இதுவும் அதில் போய்விடும் என்று சொல்லவேண்டியதில்லை.

வாங்கியது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஒரு சொட்டு எடுத்துக் கறுப்புத் தட்டில் விட்டு, சாதாரணத் தண்ணீர் சேர்த்து, ஃபிரிட்ஜ் குளிர் போக அரை மணி நேரம் வைத்துவிட்டு உருப்பெருக்கியில் பாருங்கள். நெளிந்தால் நல்லது. எல்லாமே ஊசி மாதிரி நேராக, அசையாமல் கிடந்தால் பொட்டலம் போயிற்று.

மண்புழுவை ஒன்றும் செய்யாது. நாய், கோழி, பிள்ளைகள் யாருக்கும் பயமில்லை. விற்கப்படும் இனங்களோ அவற்றின் பாக்டீரியாவோ நம் உடல் சூட்டில் பிழைப்பவை இல்லை. மாறாக அந்த பாக்டீரியாவிடமிருந்து மனிதருக்கு ஒரு மருந்தே வந்திருக்கிறது. ஃபோட்டோராப்டஸ் சுரக்கும் ஒரு பொருளிலிருந்து உருவான டாபினாரோஃப் களிம்புக்கு 2022-ல் அமெரிக்கா சொரியாசிஸ் தோல் நோய்க்காக அனுமதி தந்தது. செத்த பூச்சியை அழுகாமல் காக்கும் அதே சரக்கறையில் கிடைத்தது அது.

அசுவினி, வெள்ளை ஈ, இலைமேல் திரியும் கம்பளிப்பூச்சிக்கெல்லாம் இதை ஊற்றிப் பயனில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குள் குடையும் கூன்வண்டுப் புழு, வெட்டுப்புழு, தொட்டிச் செடி மண்ணில் வளரும் சின்னக் கறுப்பு ஈயின் புழு, புல்தரைக்கு அடியில் வேர் தின்னும் புழு என்று மண்ணோடு வாழ்க்கைப்பட்டவற்றுக்குத்தான் கேட்கும். அதிலும் நூற்றுக்கு நூறு எதிர்பார்க்கக்கூடாது. இரண்டாவது பொட்டலத்தை ஒழுங்காக ஊற்றியபின் நான் தோண்டிப் பார்த்ததில் செங்கல் நிறத்தில் சிலவும், வெள்ளையாக உயிரோடு சிலவும் இருந்தன. மீலி பிழைத்தது, அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வாங்கத்தான் வேண்டுமா என்றால், உங்கள் மண்ணிலேயே இருக்கலாம். பார்க்க ஒரு வழி இருக்கிறது, ஆராய்ச்சிக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். மரத்தடியில், உரமோ மருந்தோ படாத இடத்தில், ஒரு சாண் ஆழம்வரை பல இடங்களிலிருந்து மண் எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரம். பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும் மீல்வோர்ம் புழு ஐந்தாறு உள்ளே விட்டு, டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, நிழலில் ஒரு வாரம். பிறகு திறந்து பாருங்கள். கறுத்து நாறினால் சாதாரண அழுகல். வெள்ளைப் பஞ்சு மூடியிருந்தால் பூஞ்சை. நாற்றமில்லாமல், தளர்ந்து, நிறம் மட்டும் மாறியிருந்தால் அதை ஈரமான வடிதாள் மேல் வைத்துச் சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பத்து, பதினைந்து நாள் காத்திருங்கள். தண்ணீர் பால் கலந்தது போல் கலங்கினால் அத்தனையும் புழு.

நான் ஆறு டப்பா வைத்தேன். ஐந்தில் ஒன்றுமில்லை. ஆறாவது ஆயா வீட்டு அவக்காடோ மரத்தடி மண். அதில் ஒரே ஒரு புழு செங்கல் நிறத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வேலிக்கு ஓடினேன். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"இது எங்க வீட்டுதா? அப்ப நீதான் எனக்குக் காசு குடுக்கணும்."